நான் விழவில்லை, உட்கார்ந்திருந்தேன்

மகனுக்கு,

அன்று நான் சொல்லாதது இது: நான் விழவில்லை, உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்ததற்கு நான் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு கேட்டுக்கு முன்னால், பக்கத்து வீட்டு ரோஸி அக்காவும் மலாய்க்காரர் பாக் சாலேயும் நம் தாமான் குடியிருப்பு ஆட்கள் இன்னும் சிலரும் நான் கலக்கிக் கொடுத்த தேநீரோடு நின்றிருந்தபோது, நீ என்னைச் சின்னப் பிள்ளையை அதட்டுவதுபோல அதட்டினாய். நான் சொல்லாத அந்த இரண்டு வாக்கியங்களும் என் நாக்கு நுனிவரை வந்தன. வாயைத் திறந்தால் அவற்றோடு வேறு என்னென்னவோ வந்துவிடும் என்று தெரிந்ததால் உள்ளே போய் ஈரச் சட்டையை மாற்றினேன். திரும்பி வருவதற்குள் நீ உன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டாய். இன்றுவரை அதைப் பற்றி நாம் பேசவில்லை.

பேசாமலே விட்டிருப்பேன். ஆனால் போன வாரம், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, சிங்கப்பூர் கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொன்னாய். எப்போது போகிறாய் என்று கேட்டேன். "யோசிக்கணும்மா. நீங்க இங்க தனியா என்ன பண்ணுவீங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயை மூடி, கையைத் துடைத்துக்கொண்டு போனாய், எனக்கு ஏதோ பெரிய நன்மை செய்துவிட்டதுபோல. அன்றிலிருந்து என் கோபம் அடங்கவில்லை. நேரில் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். அழுதால் நீ என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பாய். அதனால் எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதி மேசையில் வைத்திருக்கலாம்தான். ஆனால் தாமான் பின்னால் குளத்தைச் சுற்றி நடக்கும் பெண்களைப் பார்க்கிறேன். எல்லார் கையிலும் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்த வாட்ச். எல்லாரும் நடையை நிறுத்தி நிறுத்தி மணிக்கட்டைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். இது பத்திரிகையில் வந்து அவர்களும் படிக்கட்டும், அவர்களுடைய பிள்ளைகளும் படிக்கட்டும். உன் பெயரையும் என் பெயரையும் போடவில்லை. அக்கம்பக்கத்தார் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

உன்னை நான் பத்தொன்பது வயதில் பெற்றேன். இந்த வருடம்தான் எனக்கு நாற்பது. இதை முதலில் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீ வாங்கிக் கொடுத்த வாட்ச் என் கைக்கு வந்த நாளிலிருந்து நீ என்னை எழுபது வயதுக்காரியைப்போல நடத்துகிறாய். அது வருவதற்கு முன்பே நான் ஓடிக்கொண்டிருந்தேன். உன் அப்பா போன அடுத்த வருடம் ஆரம்பித்த பழக்கம் அது. செனாய் விமான நிலையச் சரக்கு அலுவலகத்தில் எனக்கு மதிய ஷிப்ட் இருக்கும் வாரங்களில், விடிந்ததும் புறப்பட்டு, தாமான் முடிகிற இடத்தில் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் இறங்கி, செடெனாக் போகும் பழைய ரோடு கண்ணில் படுகிறவரை ஓடித் திரும்புவேன். எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. மூச்சு இரைத்தால் மெதுவாகப் போவேன், இரைக்காவிட்டால் வேகமாகப் போவேன். வீட்டுக்கு வந்ததும் பசிக்கும். என் பயிற்சி முறை மொத்தமும் இவ்வளவுதான்.

பிறகு நீ டிப்ளோமா படிக்கும்போது பகுதி நேர வேலை பார்த்து அந்த வாட்சை வாங்கிவந்தாய். ஆசையாகத்தான் வாங்கிவந்தாய், அதை நான் மறுக்கவில்லை. என் கையில் நீயே கட்டினாய். என் போனை வாங்கி, உயரம் என்ன, எடை என்ன என்று கேட்டுக் கேட்டு நிரப்பினாய். எதை எதையோ சம்மதம், சம்மதம் என்று என் சார்பில் நீயே அழுத்தினாய். என் ஓட்டமெல்லாம் உன் போனிலும் தெரியும் என்பதை ஒரு வசதிபோலச் சொன்னாய். "நான் எங்க இருந்தாலும் உங்கள பாத்துக்கலாம், செனாங்லா, ரொம்ப ஈசி" என்றாய். நானும் தலையாட்டினேன். பெற்ற பிள்ளை பாசத்தோடு நீட்டுவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்படித் தலையாட்டும் நேரங்களில்தான் அம்மாக்கள் நாங்கள் நிறையக் கோட்டை விடுகிறோம்.

அது எப்படிப்பட்ட சாமான் என்று உனக்குத் தெரியாது. அதைக் கட்டிக்கொண்டு ஓடியவள் நான். நீ போனில் வரைபடம் பார்த்தவன். கேட்டைத் திறந்ததும் ஓட முடியாது. வானத்தில் எங்கோ இருக்கும் செயற்கைக்கோள் முதலில் அதற்கு அகப்பட வேண்டும். அதுவரை நான் கையைத் தூக்கிக்கொண்டு கால்வாய் ஓரம் நிற்பேன். எதிர்வீட்டு நாய் என்னைப் பார்த்துக் குரைத்து, அலுத்துப்போய்ப் படுத்துவிடும். ஒருவழியாக அகப்பட்டுவிட்டது என்று அது சொல்லி, நான் ஓடிச் செம்பனை மரங்களுக்கு அடியில் நுழைந்ததும் மறுபடியும் தொலைத்துவிடும். மேலே மட்டைகள் மூடியிருக்கின்றன, பாவம், அதற்கு வானம் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் நேராக ஓடிய பாதை வரைபடத்தில் குடிகாரன் நடந்ததுபோல இருக்கும். ஓடையைத் தாண்டி, யார் வீட்டுக் கோழிக்கூண்டுக்குள்ளோ நுழைந்து வெளியே வந்திருப்பேன். ஒருமுறை ஜொகூர் பாருவில் கடலோரமாக நான் ஓடியபோது என்னைத் தண்ணீரில் இறக்கி, நீரிணையின் நடுப்பகுதிவரை கொண்டுபோய்த் திரும்பவும் கரை சேர்த்தது. "பாஸ்போர்ட் இல்லாமயே சிங்கப்பூர் போகப் பாத்தீங்களா" என்று நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். அந்தக் கோட்டைப் பார்த்துச் சிரித்த நீ, அதே வாட்ச் காட்டிய இன்னொரு புள்ளியைப் பார்த்து என் உயிரே போய்விட்டது என்று எப்படி நம்பினாய்? இதற்கு எனக்குப் பதில் வேண்டும்.

வியர்த்துவிட்டால் அதன் திரை விரலுக்கு மசியாது. நம் ஊரில் வியர்க்காமல் ஓடுகிறவர்கள் யார்? மழைத்துளி விழுந்தால் மட்டும் யாரோ தொட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, ஓட்டம் முடிந்தது என்று தானே அறிவித்துவிடும். தோட்டத்து நாய்கள் துரத்தி நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிய ஓட்டம் அதன் கணக்கில் இல்லவே இல்லை. அதற்கு முன்பே அது நின்றுபோயிருந்தது. சப்பாத்திக்கு மாவு பிசைந்ததை நல்ல நடைப்பயிற்சி என்று பாராட்டியது. மேட்டில் நெஞ்சு வெடிக்க ஏறும்போது தூங்குகிறவளின் இதயத்துடிப்பைக் காட்டும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்ததும் ஆபத்து என்று சிவப்பாகும். இறுக்கிக் கட்டினால் சரியாகிவிடும் என்றாய். இறுக்கினேன், தோல் வெந்து புண்ணாயிற்று. என் உடம்பின் வயது என்று ஓர் எண்ணைக் காட்டியது. அது என் அம்மாவின் வயது.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். எது சிரிக்க முடியாதது என்றால், நன்றாகத் தூங்கி எழுந்து, இன்று இரண்டு தடவைகூடப் போய்வரலாம் என்று உடம்பு சொன்ன ஒரு காலையில், உன் உடம்பு இன்னும் தேறவில்லை, ஓய்வெடு என்று அது சொன்னதும் நான் ஷூவைக் கழற்றி வைத்தேன். மறுநாளும் அப்படியே. யாரிடமும் கேட்காமல் வருடக்கணக்கில் ஓடியவள், இன்று நான் எப்படி இருக்கிறேன் என்பதை மணிக்கட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ள ஆரம்பித்துவிட்டேன். கால் வலிக்கிறதா என்று காலிடம் கேட்கும் பழக்கம் போய்விட்டது. நல்ல வாக்கியம் ஒன்றைப் படித்துவிட்டு, இது நல்ல வாக்கியமா என்று பக்கத்திலிருப்பவரிடம் கேட்பது மாதிரி. அப்படிப்பட்ட ஆளாக நான் ஒருநாளும் இருந்ததில்லை. அந்தச் சாமான் என்னை அப்படி ஆக்கியது. நீயும் அதோடு சேர்ந்துகொண்டாய். நான் ஷூ நாடாவை அவிழ்ப்பதற்குள் உன் செய்தி வந்து நிற்கும். இன்றைக்கு வேகம் போதாது என்பாய். நேற்றைவிடத் துடிப்பு கூடுதல் என்பாய். உப்பைக் குறைக்கச் சொல்வாய். என் ஒரு மணி நேரத்தை நீ தினமும் திருத்தி மார்க் போட்டுத் திருப்பி அனுப்பினாய்.

பிறகு, என் கோடு ஒவ்வொரு நாளும் ஓரிடத்தில் நின்றுவிடுவதைக் கண்டுபிடித்தாய். தோட்டத்துப் பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. கோயில் என்றால் ஒரு தகரக் கூரை, ஒரு சூலம், முன்னால் ஒரு சிமெண்டுத் திட்டு. நம் ஆட்கள் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்த காலத்தில் வைத்த சாமி. இப்போது அங்கே பழம் வெட்டுகிறவர்கள் வங்காளதேசத்துப் பையன்கள். நம் லாரிக்காரர்கள் யாராவது எப்போதாவது வந்து விளக்கேற்றிவிட்டுப் போவார்கள். அந்தத் திட்டில் நான் உட்காருவேன். அதைத்தான் உன் போன் ஒரு சிவப்புப் புள்ளியாகக் காட்டியது. அங்கே ஏன் தினமும் நிற்கிறேன், மூச்சு முட்டுகிறதா, நெஞ்சை அடைக்கிறதா என்று விசாரித்தாய். தண்ணீர் குடித்தேன் என்றேன். தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரமா என்றாய். நாடா அவிழ்ந்துவிட்டது என்றேன். கடைசியில் குலாயில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய், ஓடும் பெல்ட்டில் ஏற்றி, நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்க்கவைத்தாய். என் இருதயத்தில் ஒரு குறையும் இல்லை என்று அவர் சொன்னார். காரில் வரும்போது, வேறு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டாய்.

அங்கே உட்கார்ந்து நான் என்ன செய்வேன் என்று இப்போது சொல்கிறேன். ஒன்றும் செய்யமாட்டேன். சாமிகூடப் பெரிதாகக் கும்பிடமாட்டேன். முந்தின நாள் படித்த நாவலில் ஒருத்தி வீட்டைவிட்டுப் போனது சரியா தப்பா என்று எனக்குள்ளேயே வழக்காடுவேன். உன் அப்பாவோடு முடிக்காமல் விட்ட சண்டைகளில் ஒன்றை எடுத்து, இந்தத் தடவை நான் ஜெயிக்கும்படி முடிப்பேன். என் மேலாளரைச் சத்தமாகவே ஒரு வார்த்தை திட்டுவேன். மட்டைகளுக்கு நடுவே வெயில் இறங்கித் திட்டைத் தொடும்போது எழுந்து ஓடி வருவேன். ஒரு நாளில் யாரும் என்னைப் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். அதைக் கெஞ்சிக் கேட்டு வாங்கவில்லை, எனக்கு நானே உண்டாக்கிக்கொண்டேன். அதனால்தான் உன்னிடம் தண்ணீர் என்றும் நாடா என்றும் பொய் சொன்னேன். பொய் சொல்லவேண்டிய நிலைமைக்கு என்னை நீ கொண்டுவந்தாய் என்பதும் என் கோபத்தில் சேர்த்தி.

உனக்கு ஏன் அந்தப் பயம் என்று தெரியாமல் நான் பேசவில்லை. பதினைந்து வயதில் நீ குலாய் பேட்மிண்டன் மண்டபத்தில் பக்கத்துக் கோர்ட்டில் விளையாடிக்கொண்டிருந்தாய். உன் அப்பா மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தார். விழவில்லை, உட்கார்ந்தார். நீ அவரைப் பார்த்து, வயசாயிடுச்சாப்பா என்று கேலி செய்தாய். அவர் சிரித்ததாகத்தான் நீ சொன்னாய். ஆம்புலன்ஸ் போனபிறகு உன் மாமா உன்னை அங்கேயே நிறுத்திவைத்து, ஒன்றுமில்லை, மயக்கம்தான், நல்லா இருக்காரு என்று மதியம்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். உனக்கு மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். நீ அதை நம்பிச் சாப்பிட்டாய். பிறகு வீட்டுக்குக் கூட்டிவந்தார். கேட்டுக்கு வெளியே அவ்வளவு செருப்புகள் கிடந்தன, ஆட்கள் ரோட்டில் கூடாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் போய்விட்டதை நீ தெரிந்துகொண்டாய். உன் மாமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றிலிருந்து நல்லா இருக்காங்க என்று யார் சொன்னாலும் நீ நம்பமாட்டாய் என்பது எனக்குத் தெரியும்.

இனி அந்தத் திங்கட்கிழமை. அன்று நீ சிங்கப்பூரில் வேலைக்குச் சேரவேண்டும். ஒரு வருடம் அலைந்து கிடைத்த வேலை, படித்த படிப்புக்கேற்ற மெஷின் வேலை. அங்கேயே கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்கி, வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவதாகத் திட்டம். இருட்டோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாய். நான் ஷூ போட்டுக்கொண்டு உன்னோடு கேட்டுவரை வந்தேன். நீ என் காலைப் பார்த்தாய். "நான் போற அன்னிக்கும் ஓட்டமா?" என்றாய். அதில் இருந்த வருத்தம் எனக்குக் கேட்டது. உன் பையின் வாரைச் சரிசெய்தேன். என் முதுகுப் பையில் ஒரு தேங்காய் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தட்டிப் பார்த்து வாங்கி, நீ பார்க்காதபடி சலவை மெஷினுக்குப் பின்னால் வைத்திருந்தேன். நான் பெரிய பக்திக்காரி இல்லை, உனக்கே தெரியும். ஆனால் நம்மில் ஒருவர் எல்லை தாண்டிப் போகும்போது முனியாண்டிக்கு ஒன்று உடைத்துவிட்டால் மனம் நிற்கிறது. உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று சொல்லவில்லை.

விடிந்ததும் ஓடினேன். தேங்காய் வழிநெடுக முதுகில் இடித்துக்கொண்டு வந்தது. கோயிலுக்கு முன்னால் நின்று, உன் பெயரைச் சொல்லி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, என் பலத்தையெல்லாம் சேர்த்துக் கல்லில் அடித்தேன். நன்றாகச் சிதறியது. தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு திட்டில் உட்கார்ந்தேன். நீ இந்நேரம் சிங்கப்பூர்ப் பாலத்தைத் தாண்டியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு, அசையாமல், கையை மடியில் வைத்தபடி, வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த வாட்ச் இதை எப்படிப் புரிந்துகொண்டது என்று நீ பிறகு எனக்கு விளக்க வந்தாய், உனக்குத் தேங்காய் விஷயம் தெரியாமலே. கை வேகமாக வந்து சட்டென்று நின்றால் விழுந்துவிட்டாள் என்று அர்த்தமாம். அதன்பிறகு அசையாமல் இருந்தால் பேச்சுமூச்சில்லை என்று அர்த்தமாம். விழுந்துவிட்டாயா என்று அது என்னைக் கேட்டிருக்கிறது. எந்நேரமும் கையில் அதிர்ந்து அதிர்ந்து எழுந்து நட, எழுந்து நட என்று உயிரை வாங்குகிறதே என்று நான் அதன் அதிர்வை நிறுத்திவைத்திருந்தேன். உன் கட்டாயத்துக்காகக் கொண்டுபோகும் போனும் இடுப்புப் பையில் சத்தமில்லாமல் கிடந்தது. நான் பதில் சொல்லாததால் அது உனக்குச் செய்தி அனுப்பிவிட்டது. ஒரு தேங்காய்க்கும் ஒரு மனுஷிக்கும் வித்தியாசம் தெரியாத சாமான், நான் விழுந்த இடம் இதுதான் என்று வரைபடம் போட்டு அனுப்பியது. அதுவரை ஒருநாளும் சரியாகக் காட்டாத இடத்தை அன்று மிகச் சரியாகக் காட்டியிருந்தது.

நீ பாலத்தைத் தாண்டி, சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடி உட்லண்ட்ஸில் இறங்கி நின்று என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டு ரோஸி அக்காவைக் கூப்பிட்டிருக்கிறாய். அவள் தாமான் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். முதலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. திருடர்கள் என்று நினைத்து எழுந்தேன். பாக் சாலே ஒரு கையில் பாராங் கத்தியும் ஒரு கையில் தண்ணீர் பாட்டிலுமாக வந்து நின்றார். பாம்புக்குக் கத்தி, எனக்குத் தண்ணீர் என்று பிறகு விளக்கினார். பின்னால் ஒரு காரில் ரோஸி அக்கா, வீட்டு உடையோடு, கழுத்தில் ஜெபமாலையோடு இறங்கினாள். என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அலமாக், ஒன்ன தூக்கிட்டுப் போக பெட்ஷீட் எடுத்துட்டு வந்தோம்டி. நீ என்னடான்னா காத்து வாங்கிட்டு உக்காந்திருக்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நல்ல மனிதர்கள், வேலை வெட்டியை விட்டுவிட்டு வந்தவர்கள். ஆனால் அவர்கள் என் திட்டைச் சுற்றி நின்று, இங்கேதான் உட்காருவீங்களா, தனியாவா, தினமுமா என்று கேட்டபோது, அந்த இடம் எனக்கு இனி இல்லை என்று தெரிந்துவிட்டது.

ரோஸி அக்கா அங்கிருந்தே உன்னைக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்ல தம்பி, அம்மா நல்லா இருக்காங்க" என்றாள். அவளுக்கு எப்படித் தெரியும், உலகத்தில் வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நீ வேலைக்குப் போயிருப்பாய் என்று. நான் போனை வாங்குவதற்குள் நீ வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. குடிநுழைவு வரிசையில் போனை எடுக்க விடமாட்டார்கள். நான் விழவில்லை, நன்றாக இருக்கிறேன், நீ வேலைக்குப் போ என்று எழுதி அனுப்பினேன். வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று வீட்டுக்குக் கூட்டிவந்து தேநீர் கலக்கினேன். தட்டை ஏந்திக்கொண்டு வாசலுக்கு வந்தபோதுதான் நீ தெருமுனையில் வாடகைக் காரிலிருந்து இறங்கினாய். நம் கேட்டுக்கு வெளியே செருப்புகள் கிடந்தன. ஆட்கள் ரோட்டில் நின்று மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ அங்கேயே நின்றுவிட்டாய், உன் பை தோளிலிருந்து நழுவியது. அந்த முகத்தை நான் முன்பு ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். தட்டை ரோஸி அக்காவிடம் கொடுத்துவிட்டு உன்னை நோக்கி வந்தேன். நான் நடந்து வருவதைப் பார்த்ததும் உன் முகத்தில் இருந்தது போய், கோபம் வந்தது.

"ஏன் போன எடுக்கல?" என்றாய். மெசேஜ் அனுப்பினேனே என்றேன். "யாரோ உங்க போன்ல டைப் பண்றாங்கன்னு நெனச்சேன். எதுக்கு அங்க போய் உக்காந்திருந்தீங்க? எதுக்கு உக்காரணும்?" நான் குனிந்து உன் பையை எடுத்தேன். "நான் போகல. நீங்க இப்படி இருந்தா நான் எங்கயும் போக முடியாது." தாமானே கேட்கும்படி சொன்னாய். பாக் சாலே கோப்பைக்குள் பார்த்துக்கொண்டார். நீ பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று நான் உடைத்த தேங்காய்தான் உன்னைப் பாதி வழியில் திருப்பிக் கொண்டுவந்தது என்பதை அத்தனை பேருக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வேன்? ரோஸி அக்கா கிறிஸ்துமஸ்வரை சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். நீ ஒருநாளும் சிரித்திருக்கமாட்டாய்.

உன் பயம் எனக்குப் புரிகிறது. புரிவதால் என் கோபம் குறையவில்லை. எனக்கு ஏதாவது ஆகிவிடுமா என்றால், ஆகலாம். யாருக்கும் ஆகலாம். அதை அந்தப் புள்ளி தடுக்காது. நீ வீட்டில் இருந்தும் தடுக்க முடியாது. உன் அப்பா உட்கார்ந்தபோது நீ கூப்பிடு தூரத்தில்தான் இருந்தாய். அது உன் தப்பும் இல்லை, அதனால் எதுவும் மாறவும் இல்லை. இதை ஆறு வருடமாக உன்னிடம் சொல்லப் பார்க்கிறேன். நீ அவரைக் காப்பாற்ற முடியாமல் போனதற்கு என்னைக் காவல் காக்கிறாய். நான் அந்த வேலைக்கு ஆள் இல்லை. எனக்குச் சம்பளம் வருகிறது, இரண்டு கால் இருக்கிறது, படிக்க இன்னும் நிறைய இருக்கிறது. நீ பக்கத்தில் இல்லாவிட்டால் நான் வாடிப்போவேன் என்று உனக்கு யார் சொன்னது? உன்னை நினைத்துக்கொள்வேன். அது வேறு.

நாளைக்கு உன் வாழ்க்கையில் ஒரு பெண் வருவாள். அவள் ஆபீஸிலிருந்து வரும் வழியில் எங்காவது கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் நின்றாய் என்று கேட்காதே. அவள் நின்றது உனக்குத் தெரியும்படி எதையும் அவள் கையில் கட்டாதே, எவ்வளவு அழகான டப்பாவில் வந்தாலும். நீ நேசிக்கிறவர்களைப் பற்றி உனக்குத் தெரியாத ஒரு மணி நேரம் இருக்கத்தான் செய்யும். அந்த ஒரு மணி நேரத்தைத் தாங்கிக்கொள்ளக் கற்றுக்கொள். நானும் உன் விஷயத்தில் அதைக் கற்றுக்கொண்டேன். நீ பதினெட்டு வயதில் மெர்சிங்குக்குக் கூட்டாளிகளோடு மோட்டாரில் போய் இரண்டு நாள் போனை எடுக்காமல் இருந்தபோது, நான் தாமான் ஆட்களை அனுப்பவில்லை. சமைத்து மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

சிங்கப்பூருக்குப் போ. வாரத்தில் எத்தனை நாள் வேண்டுமானாலும் கூப்பிடு. எப்படி இருக்கீங்க என்று கேள். நான் சொல்வதை நம்பு. நன்றாக இல்லாவிட்டால் நன்றாக இல்லை என்று சொல்கிறேன், அதையும் நம்பு. வாட்சை உன் அலமாரி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துக்கொள். எனக்கு வேண்டாம்.

அந்தத் திங்கட்கிழமை அதற்கப்புறம் நடந்தது உனக்கும் தெரியும், ஆனாலும் எழுதிவைக்கிறேன். மதியம் நீ கம்பெனிக்குப் போன் செய்து, வீட்டில் பிரச்சினை, வரமுடியாது என்று சொன்னாய். அவர்கள் சரி என்று சொல்லிவிட்டு வேறு ஒரு பையனை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை நான் வழக்கம்போல ஓடக் கிளம்பினேன். நீ மோட்டாரை எடுத்துக்கொண்டு, பெரிய விளக்கைப் போட்டு, முதல் கியரில் என் பின்னாலேயே வந்தாய். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாக விழுந்து ஓடியது. பாதை பிரியும் இடத்தில் நான் உட்காரவில்லை. திரும்பி வந்துவிட்டேன். சாயங்காலம் முட்டி வலிக்கிறது என்று உன்னிடம் சொன்னேன். நீ தைலம் தேய்த்துவிட்டாய், கொஞ்ச நாள் ஓடவேண்டாம் என்றாய், உனக்கு நிம்மதியாக இருந்தது. முட்டி வலிக்கவில்லை. அதன்பிறகு நான் ஓடவில்லை.

அம்மா